அம்மாவின் அடக்கப் பூசையில் நான்தான் பாடினேன்

அன்புள்ள மேடம்,

எனக்கு 43 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். எங்கள் பங்கின் பாடகர் குழுவில் 24 வருடமாகப் பாடுகிறேன். கடைசி ஒன்பது வருடமாகக் குழுவை நடத்துவதும் நான்தான். எந்த ஞாயிறுக்கு எந்த வருகைப் பாடல், பதிலுரைப் பாடலுக்கு என்ன மெட்டு, கீபோர்டு வாசிக்கிற தம்பிக்கு எந்தச் சுருதி என்று எனக்கு ஞாயிற்றுக்கிழமை வியாழன் மாலையே தொடங்கிவிடும்.

எனக்கு விசுவாசம் வந்தது மறைக்கல்வி வகுப்பில் அல்ல, காது வழியாகத்தான் வந்தது. சின்ன வயதில் ஈஸ்டருக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா பூசைக்கு அம்மா என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவாள். கோவில் முழுக்க இருட்டு. பாஸ்கா திரியிலிருந்து ஒவ்வொருவர் கைக்கும் தீ நகர்ந்து வரும். அப்புறம் ‘உன்னதங்களிலே’ புகழ்ப்பாட்டு தொடங்கியதும் எல்லா விளக்கும் எரியும், இரண்டு நாளாகச் சும்மா கிடந்த மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும். அந்த நிமிடத்தில் என் உடம்பு சிலிர்க்கும். கடவுள் என்றால் எனக்கு அந்தச் சிலிர்ப்புதான். பள்ளியில் சிரமம், வீட்டில் பணக்கஷ்டம் எது வந்தாலும் ஒரு நல்ல பாட்டைக் குழுவோடு பாடி முடித்தால் அடுத்த வாரத்துக்குத் தெம்பு வந்துவிடும்.

அம்மாவுக்குப் பாட வராது, சுருதியே சேராது. ஆனால் இடதுபக்கக் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் சத்தமாகப் பாடுவாள். மேலே நின்று பாடும்போது அந்தக் குரல் எனக்குத் தனியாகக் கேட்கும். சில சமயம் கூச்சமாகக்கூட இருக்கும்.

போன வருடம் அம்மா போய்விட்டாள். புற்றுநோய், ஏழு மாதம். கடைசி மூன்று வாரம் நான் லீவு போட்டு உடனிருந்தேன். என் மடியில் சாய்த்து வைத்துத்தான் கஞ்சி கொடுத்தேன். பனிமய மாதா கோவிலில் கொடியேறிய மூன்றாம் நாள் விடியற்காலையில் இறந்தாள்.

அடக்கப் பூசைக்கு நான்தான் பாடினேன். ‘நீ பாடாமல் வேறு யார் பாடுவது?’ என்று எல்லோரும் கேட்டார்கள், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அழுதால் தொண்டை கட்டிவிடும் என்று முந்தின நாள் முழுக்க அழாமல் இருந்தேன். பூசையில் ஒரு இடத்திலும் சுருதி விலகவில்லை. கடைசிப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் மட்டும் குரல் லேசாக இறங்கியது. 20 வருடமாக என் பக்கத்தில் நிற்கிற அக்கா ஒருவர் தன் குரலை ஏற்றி அதை மூடிவிட்டார். வேறு யாருக்கும் தெரியாது. ‘அம்மாவைப் பாட்டோடு வழியனுப்பிவிட்டாய், எவ்வளவு பெரிய பாக்கியம்’ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எனக்குள் எதுவும் இல்லை மேடம். முப்பதாம் நாள் பூசை, கல்லறைத் திருநாள், கிறிஸ்துமஸ், தவக்காலம், பாஸ்கா, இந்த வருட நவநாள் எல்லாவற்றுக்கும் பாடினேன். இந்தப் பாஸ்கா இரவில் மணி அடித்தபோது அடுத்து எந்தப் பாட்டு என்று நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சிலிர்ப்பு இல்லை. ஜெபமாலை கையில் இருக்கிறது, வாய் சொல்கிறது, ஆனால் அந்தப் பக்கம் யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை.

எங்கள் கோவிலில் ஒரு பக்கப் பீடத்தில் இயேசுவை மடியில் கிடத்திய வியாகுல மாதா சுரூபம் இருக்கிறது. முன்பெல்லாம் சனிக்கிழமை அதற்குப் பூ வைப்பது நான்தான். இப்போது அந்தப் பக்கம் போவதில்லை. சுற்றிக்கொண்டு வேறு வாசல் வழியாக வருகிறேன்.

ஒரே ஒரு தடவை அழுகை வந்தது. இந்தப் பெரிய வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் கோவில் சடங்கு முடிந்ததும், பாட்டியின் கடற்கரை ஊருக்குப் போனேன். இரவு அங்கே வயதான பெண்கள் பாய்போட்டு உட்கார்ந்து, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை ராகம் இழுத்து வாசித்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த நான் விக்கி விக்கி அழுதேன். வெட்கமாகப் போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு குருவிடம் பேசினேன். ‘விசுவாசம் குறைந்திருக்கிறது, இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்’ என்றார். கணவர் ‘கொஞ்ச நாள் எல்லாவற்றையும் விட்டுவிடு’ என்கிறார். மகளிடம் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ‘நம்பாமல் பாடுவது நடிப்புதானே அம்மா?’ என்று கேட்டாள். அவள் குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

சாப்பாடு, பள்ளி வேலை எல்லாம் நடக்கிறது. விடியற்காலையில் விழிப்பு வருவது மட்டும் உண்டு. கிறிஸ்துமஸ் ஒத்திகை தொடங்குவதற்குள் குழுவிலிருந்து முழுவதுமாக விலகிவிடலாம் என்று கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கொடுக்கட்டுமா? இது விசுவாசம் போன நிலையா, மனநோயா? நான் நடிக்கிறேனா?

— பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே வரியில் நின்றுவிட்டேன். கடவுளைப் பற்றிய வரி அல்ல. ‘அழுதால் தொண்டை கட்டிவிடும் என்று அழாமல் இருந்தேன்’ என்ற வரி.

14 மாதமாக அந்தத் தொண்டையை நீங்கள் காத்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்களுக்கு முன்னால் இதே இடத்தில் நின்ற ஒரு மகனைப் பற்றிச் சொல்கிறேன். புனித அகுஸ்தினாருக்கு 33ஆம் வயது நடந்தபோது, 387ஆம் ஆண்டு, ரோமுக்குப் பக்கத்தில் ஒஸ்தியா என்ற துறைமுக ஊரில் அவருடைய தாய் மோனிக்கா இறந்தார். மகனுக்காக வருடக்கணக்கில் கண்ணீர் விட்ட தாய் என்று நாம் மறைக்கல்வியில் படித்த அதே மோனிக்கா. மகன்தான் தாயின் கண்களை மூடினார். துக்கம் பொங்கி வந்தது, அதை வலுக்கட்டாயமாக அடக்கினார். அவருடைய பையன் வாய்விட்டு அழுதபோது, அவனையும் அமர்த்திவிட்டார்கள். விசுவாசத்தோடு வாழ்ந்து முடித்தவருக்காக அழுவது பொருந்தாது என்று நினைத்தார்கள். அப்போது ஒரு நண்பர் திருப்பாடல் நூலை எடுத்துப் பாடத் தொடங்கினார், வீட்டில் இருந்த எல்லோரும் சேர்ந்து பாடினார்கள்.

அடக்கத்துக்குப் போனபோதும் திரும்பி வந்தபோதும் அகுஸ்தினார் அழவில்லை. குளித்தால் மனப்பாரம் குறையும் என்று கேள்விப்பட்டு குளித்துப் பார்த்தார், குறையவில்லை. தூங்கினார். எழுந்து தனியாகப் படுக்கையில் கிடந்தபோது, மிலான் ஆயர் அம்புரோசியார் எழுதிய பாட்டு ஒன்று ஞாபகம் வந்தது. பகலுக்குப் பிறகு இரவைத் தந்து களைத்த உடலுக்கு ஓய்வு தருகிற கடவுளைப் பற்றிய மாலைப் பாட்டு அது. அதன் வரிகளை நினைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் ஞாபகம் மெல்லத் திரும்பியது. அப்புறம்தான் அழுதார். பிடித்து வைத்திருந்த கண்ணீரை ஓடவிட்டேன், என் இதயம் அதன்மேல் சாய்ந்து இளைப்பாறியது என்ற பொருளில் எழுதுகிறார். ஒரு மணி நேரத்தில் சிறு பகுதிதான் அழுதேன், இதற்காக யாரும் என்னைப் பரிகசிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறார்.

வீடே சேர்ந்து பாடியபோது வராத கண்ணீர், யாரும் பார்க்காத இடத்தில் தானாக நினைவுக்கு வந்த பாட்டில் வந்தது. உங்கள் பெரிய வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் நடந்திருக்கிறது. அந்தக் கடற்கரை ஊரில் நீங்கள் குழுத் தலைவி அல்ல. அடுத்து எந்தப் பாட்டு என்று பார்க்கும் பொறுப்பு உங்களிடம் இல்லை. யாரோ பாடினார்கள், நீங்கள் கேட்டீர்கள், அவ்வளவுதான்.

அந்தப் பிரசங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு அதில் தனிப் பிரியம் உண்டு. கோவாவில் பிறந்து, டச்சுக்காரர்கள் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில் இலங்கைக்குப் போய்ப் பணிசெய்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது அது. குருக்கள் ஒளிந்து திரிந்த காலத்தில் மக்களே உட்கார்ந்து வாசிப்பதற்கு வாகான ஒரு நூல். அதே நூற்றாண்டில் இந்தப் பக்கம் வீரமாமுனிவர், சிலுவையின் கீழ் நின்று மாதா அழுவதை ‘அன்னை அழுங்கல் அந்தாதி’ என்று பாடினார். 3615 பாட்டில் காப்பியம் செய்த மனிதர், ஒரு தாயின் அழுகைக்கென்று தனியாக ஒரு நூல் செய்தார். நம் பாட்டிகள் தவக்கால இரவுகளில் மாதாவுக்காக அழும்போது, கடலுக்குப் போய்த் திரும்பாத புருஷனையும் பிள்ளையையும் சேர்த்துத்தான் அழுதார்கள். அதற்கு யாரும் அவர்களுக்கு விசுவாசக் குறைவு என்று சொன்னதில்லை. அது ஜெபத்தின் ஒரு வகை என்று ஊருக்கே தெரிந்திருந்தது. நீங்கள் வெட்கப்பட்ட அழுகை அந்த வரிசையில் வருகிறது.

பாஸ்கா இரவின் மணியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் அந்த மணிக்காகத் தூக்கத்தை விரட்டிக்கொண்டு காத்திருந்த பிள்ளைதான். அந்த மணி ஏன் நம்மை அப்படி உலுக்குகிறது? பெரிய வியாழன் ‘உன்னதங்களிலே’ முடிந்ததும் அது நின்றுபோகிறது. அதன்பின் மரக்கட்டையைத்தான் தட்டுகிறார்கள். பீடத்துணியை உருவிவிடுகிறார்கள். நற்கருணைப் பேழை திறந்து காலியாகக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை பூசையே கிடையாது. சனிக்கிழமை பகல் முழுக்க ஒன்றுமே இல்லை. அவ்வளவு வெறுமைக்குப் பிறகு அடிக்கிற மணி அது.

நீங்களோ அம்மா இறந்த மறுநாளே பாஸ்காவுக்குப் போய்விட்டீர்கள். உங்களுக்கு வெள்ளிக்கிழமையும் கிடைக்கவில்லை, சனிக்கிழமையும் கிடைக்கவில்லை. அடக்கம், முப்பதாம் நாள், கல்லறைத் திருநாள், கிறிஸ்துமஸ், பாஸ்கா, நவநாள் என்று நீங்கள் எழுதிய பட்டியலில் ஒவ்வொன்றிலும் நீங்கள் மேலே நின்றிருக்கிறீர்கள். 14 மாதத்தில் ஒரு பூசைக்காவது இடதுபக்கக் கடைசி வரிசையில் உட்கார்ந்தீர்களா?

இனி அந்தச் சுரூபம். விசுவாசம் உண்மையாகவே வற்றிப்போன ஒருவர் அந்தப் பக்கப் பீடத்தை ஒன்றும் தோன்றாமல் கடந்து போவார், தூணைக் கடப்பது போல. நீங்கள் வேறு வாசல் தேடிப் போகிறீர்கள். சுற்றிப் போக வைக்கிற அளவுக்கு அந்தச் சிலை உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள்.

அதன் மூலச் சிலை ரோமில் புனித பேதுரு பேராலயத்தில் இருக்கிறது. 1499இல் மைக்கேலாஞ்சலோ அதை முடித்தபோது அவருக்கு 24 வயதுதான். ஆறு வயதில் அம்மாவை இழந்தவர். வளர்ந்த ஆண்பிள்ளையின் உடலைத் தாங்குவதற்காக மாதாவின் மடியை இயல்புக்கு மீறி அகலமாக, துணி மடிப்புகளை மலைச்சரிவு போலச் செதுக்கியிருக்கிறார். முகத்தில் கதறல் இல்லை, இடது கை மட்டும் விரிந்து கிடக்கிறது. நம் ஊர்க் கோவில்களில் இருப்பவை அதன் பிரதிகள், பெயிண்ட் பூசியவை, சிலவற்றில் முகம்கூடச் சரியாக வந்திருக்காது. ஆனாலும் அந்த மடி மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும். அங்கே பிள்ளை தாயின் மடியில். உங்கள் வீட்டில் மூன்று வாரம் தாய் பிள்ளையின் மடியில் இருந்தார். நீங்கள் பார்க்க முடியாமல் தவிர்ப்பது மாதாவையா, கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த உங்களையா?

துக்கத்தைப் பற்றி எங்கள் மனநலத் துறையில் 1999இல் மார்கரெட் ஸ்ட்ரூப், ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். இழந்தவர் மனம் ஊஞ்சல் போல ஆடும் என்பதுதான் அது. ஒரு பக்கம் இழப்பு, அழுகை, ஞாபகம். மறுபக்கம் அன்றாட வேலை, புதிய பொறுப்பு. இரண்டு பக்கமும் போய்வந்தால்தான் மெல்ல ஆறும். உங்கள் ஊஞ்சல் வேலைப் பக்கமே கட்டிக் கிடக்கிறது. அப்படிக் கட்டி வைத்தால் துக்கம் மட்டும் மரத்துப்போவதில்லை, சிலிர்ப்பும் சேர்ந்து மரத்துப்போகிறது.

மனநோயா என்று கேட்டீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வருடத்துக்கு மேலாகியும் தினமும் ஏக்கம் அழுத்துவது, வாழ்வதே பொருளற்றதாகத் தோன்றுவது, தன்னில் ஒரு பகுதியே செத்துவிட்டது போல இருப்பது எல்லாம் சேர்ந்து வந்தால், அது நீடித்த துக்கக் கோளாறு என்று இப்போது மருத்துவத்தில் தனியாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது, அதற்குச் சிகிச்சையும் உண்டு. விடியற்காலை விழிப்பு வாரத்தில் பல நாள் வந்தாலோ, சாப்பாடு குறைந்தாலோ, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு ஒரு நொடி எட்டிப் பார்த்தாலோ, தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

ஜெபிக்கச் சொன்ன குருவை நான் குறைசொல்ல விரும்பவில்லை. ஆனால் உங்கள் நிலைக்கு ‘குறைந்திருக்கிறது’ என்ற சொல் பொருந்தவில்லை. நாம் ஒவ்வொரு ஜெபமாலையின் முடிவிலும் சொல்கிற கிருபை தயாபத்து மந்திரத்தில் ‘கண்ணீர்க் கணவாய்’ என்று வருகிறதே, பிரலாபித்து அழுது பெருமூச்சு விடுகிறோம் என்று வருகிறதே, சின்ன வயதிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்போம்! 88ஆம் திருப்பாடலை எடுத்துப் பாருங்கள். மற்ற புலம்பல் பாட்டுகள் பெரும்பாலும் கடைசியில் ஒரு நன்றியில் போய் முடியும், அது இருளிலேயே முடிகிறது. அதையும் நம் முன்னோர் ஜெபப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடவில்லை. 2007இல் அன்னை தெரேசாவின் கடிதங்கள் வெளிவந்தபோது, வெளியே அவ்வளவு வேலை செய்த அந்தப் பெண் உள்ளே பல பத்து ஆண்டுகள் கடவுளின் இருப்பை உணராமலே இருந்தார் என்று உலகம் தெரிந்துகொண்டது. அந்தப் பக்கம் யாரும் இல்லாதது போன்ற நிலை இந்த மரபுக்குப் புதிதல்ல.

உங்கள் விசுவாசம் திரும்பி வரும் என்று நான் வாக்குத் தர முடியாது, அது என் வேலையும் அல்ல. இப்போது உங்களிடம் இருப்பது விசுவாசமின்மை என்று தீர்ப்பெழுத நீங்கள் அவசரப்பட வேண்டாம் என்று மட்டும் சொல்ல முடியும்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி, அதைக் கேட்ட பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது. குழுத் தலைவிக்குத் தெரிந்த விஷயத்திலிருந்தே தொடங்கலாம். ஒரு நீண்ட வரியைக் குழுவாகப் பாடும்போது எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துவிடும். அதனால் ஆளாளுக்கு ஒரு இடத்தில் வாங்குவீர்கள். நீங்கள் வாங்குகிற நொடியில் பாடுவது நீங்கள் அல்ல, ஆனால் பாட்டு நிற்பதில்லை, கேட்கிறவருக்கு இடைவெளியும் தெரியாது. அந்த நொடியில் நீங்கள் நடிக்கிறீர்களா? இல்லையே, குழுவில் இருக்கிறீர்கள். உங்கள் அம்மாவின் அடக்கத்தில் இரண்டாம் சரணத்தில் அந்த அக்கா செய்தது இதைத்தான்.

2013இல் ஸ்வீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில், சேர்ந்து பாடுகிற இளைஞர்களின் இதயத்துடிப்பை அளந்து பார்த்தார்கள். ஒரே பாட்டில் மூச்சு ஒன்றாகச் சேரும்போது, இதயத்துடிப்பும் சேர்ந்து ஏறி இறங்கியது. இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அகுஸ்தினாரைப் பற்றியும் சொல்லுங்கள். பாட்டின் இனிமையில் மயங்கிப் பொருளை மறந்துவிடுகிறேனோ, இது தவறோ என்று ஆயரான பிறகும் அவருக்குக் குழப்பம் இருந்தது. மனமாறிய காலத்தில் மிலான் கோவிலில் பாட்டைக் கேட்டு விட்ட கண்ணீரை நினைத்துத்தான் கோவிலில் பாட்டு இருக்கட்டும் என்ற பக்கம் சாய்ந்தார். உங்கள் வீட்டுக் கேள்விக்கு 1600 வருட வயது. பிள்ளைக்கு உடனே முடிவான பதில் தர வேண்டியதில்லை. ‘எனக்கும் தெரியவில்லை, ஆனால் நான் பொய் சொல்லவில்லை’ என்று சொன்னால் போதும்.

இப்போது கடிதம். கொடுக்காதீர்கள். இயேசு சபையைத் தொடங்கிய புனித இக்னாசியார் தம் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் ஒரு விதி வைத்திருக்கிறார். ஆறுதல் இல்லாத காலத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்கிறார். விசுவாசம் இல்லாதவருக்கும் நான் இதையேதான் சொல்வேன். துக்கத்தின் நடுவில் 24 வருட உறவை அறுப்பது சரியான நேரத்து முடிவாக இருக்காது. ஆனால் விலகுவது வேறு, லீவு எடுப்பது வேறு. உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. இந்த அக்டோபர் முழுக்க வேறொருவர் குழுவை நடத்தட்டும். காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள், ‘அம்மாவுக்காக நான் இன்னும் அழவில்லை, எனக்கு ஒரு மாதம் வேண்டும்’ என்று. அந்தக் குழுவில் யாரும் அதற்கு எதிர்ப்பேச்சு பேச மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த மாதம் பூசைக்குப் போனால் அம்மாவின் வரிசையில் உட்காருங்கள். பாட வேண்டாம், பாட்டு மேலேயிருந்து வரட்டும். கீபோர்டு பிந்தினால் பிந்தட்டும். வாய் தானாகத் திறந்தால் அம்மாவைப் போல, சுருதியைப் பார்க்காமல் பாடிவிடுங்கள்.

ஒருநாள் மதியம் கோவில் காலியாக இருக்கும்போது பக்கப் பீடத்துக்குப் போங்கள். பூ வேண்டாம், ஜெபமும் வேண்டாம். உட்கார்ந்து பாருங்கள். தாங்க முடியவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள், இன்னொரு நாள் போகலாம். முடிந்தால் மகளையோ கணவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மூன்று வாரத்தைச் சொல்லுங்கள். கஞ்சி எப்படி வைத்தீர்கள், அம்மா என்ன பேசினார், எதைக் கேட்டார், கடைசி இரவு என்ன நடந்தது என்று. கடிதத்தில் அந்த மூன்று வாரத்துக்கு நீங்கள் இரண்டு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள்.

நவம்பர் 2 வருகிறது. போன கல்லறைத் திருநாளில் கல்லறைத் தோட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊருக்காகப் பாடியிருப்பீர்கள். இந்தத் தடவை அம்மாவின் கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, திரியேற்றி, அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். குரு கல்லறைகளை ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பக்கத்தில் நிற்கிற அந்த அக்காவை அழைத்து உங்கள் அம்மாவுக்காக ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். எந்தப் பாட்டு என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது, 20 வருடமாக அவரும் கடைசி வரிசையிலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதானே இருந்திருக்கிறார்.